எந்த மட்டி?

என் மருமகளுக்கு மூன்றாம் மாதம். எந்தச் சோறும் அவள் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் வாந்தி, ரசம் சோறு கொடுத்தால் வாந்தி, வெறும் தண்ணீர் குடித்தாலும் கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு ஓடுவாள். மாங்காய், புளியங்காய், நார்த்தங்காய் ஊறுகாய் என்று தெருவில் இருக்கிற பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றினார்கள். "அடுத்த வாரம் வரும்போதும் இப்படியே இருந்தா பெட்ல சேர்த்துடுவேன். எடை இறங்கிட்டே போகுது, வயித்துல இருக்கிற குழந்தைக்கும் ஆகாது. எதையாவது சாப்பிட வைங்கம்மா" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அத்த, எங்கம்மா மட்டி செய்வாங்க, கடல்ல ஓட்டோட கெடைக்குமே. அது கெடைச்சா துன்னுவேன்."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம் வந்துவிட்டது. இரண்டு வாரமாக அந்த வாயிலிருந்து "வேணாம்" என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. இப்போது வேண்டும் என்கிறாள்!

அவள் பிறந்தது கடலோரம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் வேலைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். அதனால் அவளுக்கு அந்த ருசி ஞாபகம் இருந்ததே தவிர வேறொன்றும் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சம்பந்திக்குப் போன் போடச் சொன்னேன்.

"இன்னா மட்டின்னு கேக்கறியே, மட்டின்னா மட்டிதான்மா" என்றார் சம்பந்தி. "பொண்டாட்டி செஞ்சி வெச்சா நான் துன்னுட்டு எழுந்து போவேன். மட்டி ஓட்டையெல்லாம் உத்துப் பாத்துக்கினா இருந்தேன்?"

என் மகனுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, பெரிய மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஐஸ் போட்ட பை ஒன்றை வாங்கிவந்து பெருமையாக முற்றத்தில் வைத்தான். உள்ளே உருண்டை உருண்டையாக இருந்தன. முதுகில் ஏர் ஓட்டிய சால் மாதிரி தடித்த வரி. ஒன்றைப் பிளந்து பார்த்தபோது உள்ளேயிருந்து சிவப்பாக ரத்தம் வடிந்தது.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இது இல்ல! எங்கம்மா செய்யறதுல ரத்தமெல்லாம் வராது." சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"மட்டி கேட்ட, மட்டி வாங்கியாந்தேன். இதுல இன்னா எம்மா தப்பு?" என்றான் மகன்.

"நெல்லு வாங்கியாடான்னா எந்த நெல்லுன்னு கேக்க மாட்டியா?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நெல்லில் எத்தனை தினுசு இருக்கிறது! மட்டியிலும் அப்படித்தானே இருக்கும்? கடலுக்கு என்ன குறைச்சல்?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மட்டியின் ஓடுதான் கிளிஞ்சல்; எங்கள் பக்கத்தில் கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்பு. அது எங்களுக்கு மளிகைச் சாமான் இல்லை, கட்டடச் சாமான். கடலோரத்திலிருந்து லாரியில் ஓடு வரும், காளவாயில் போட்டுச் சுடுவார்கள், நீர்த்துப்போன சுண்ணாம்பைப் பொங்கலுக்கு முன்னால் சுவருக்கு அடிப்போம், வெற்றிலைக்குத் தடவுவோம். அந்த ஓட்டுக்குள் ஒரு காலத்தில் உயிர் இருந்தது, அதை ஒருத்தி குழம்பு வைத்துச் சாப்பிட்டிருப்பாள் என்று இத்தனை வயதுக்கும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. உமியை மட்டும் பார்த்து வளர்ந்தவளுக்கு அரிசி எப்படித் தெரியும்?

பெருநகர் போகும் ரோட்டில் இன்னும் ஒரு காளவாய் எரிகிறது. காலையில் எழுந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சுடாத ஓடு மலைபோலக் குவிந்திருந்தது. உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். காளவாய்க்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாம்மா, சுண்ணாம்பு வாங்க வந்துட்டு ஓட்டப் பொறுக்கிக்கினு கீற? வெத்தலைக்குத் தடவறதுக்கு பதிலா ஓட்டையே கடிக்கப் போறியா?"

எனக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. "மருமவளுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"மாமியா வூட்டு சோறு அவ்ளோ கெட்டியா கீதா, அதுக்கு ஓடே தேவலன்னு கேட்டுட்டாளா?" என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

அவர் சிரித்ததைக் கேட்க எனக்கு நேரம் இல்லை. கை பரபரத்தது. குவியலைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை; கிட்டத்தில் போனால்தான் ஒவ்வொன்றும் ஒரு முகம். மகன் வாங்கிவந்த சால் போட்டது அதில் கிடந்தது. கருங்கல் சில்லு மாதிரி கோணல்மாணலாக ஒன்று, அது கல்லில் ஒட்டி வளர்கிற ஆளி என்று காளவாய்க்காரர் சொன்னார். கத்திப்பிடி மாதிரி நீளமாக ஒன்று. கண்ணாடிபோல வெளிச்சம் ஊடுருவுகிற தட்டையான ஓடு ஒன்று. சுண்டுவிரல் நகம் அளவில் ஊதாவும் ரோஸுமாகச் சின்னச் சின்னது. எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தது வழவழ ஓடு, பருப்புக் கரண்டியின் குழி அளவு. அதிலேயே வெள்ளை, கடுகு மஞ்சள், டீத்தண்ணீர் நிறம், நுனி மட்டும் கறுத்தது என்று நாலு தினுசு பார்த்தேன். முதுகிலிருந்து விளிம்புவரை வெயில் கதிர் மாதிரி கோடு இறங்கியதும் ஒன்று இருந்தது. வகைக்கு இரண்டாக முறத்தில் எடுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலின் மேல் அவளுக்கு முன்னால் முறத்தை வைத்தேன்.

"எது சொல்லு, கண்ணு?"

சோர்ந்து கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். சால் போட்டதைத் தள்ளினாள். நீளமானதைத் தள்ளினாள். கண்ணாடி ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இதை துன்ன மாட்டாங்க அத்த, நாங்க இத்த வெச்சிக்கினு வெளையாடுவோம்" என்றாள். பிறகு விரல் வழவழ ஓடுகளின் மேலே அலைந்தது. வெள்ளையைத் தொட்டாள், விட்டாள். மஞ்சளைத் தொட்டாள், விட்டாள். கடைசியில் டீத்தண்ணீர் நிறத்து ஓட்டையும், கதிர்க்கோடு போட்ட ஓட்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இது ரெண்டுல ஒண்ணு. இல்லன்னா ரெண்டும் ஒண்ணா? ஒரே மாதிரிதான் கீது. தெரியல அத்த."

ரெண்டே ரெண்டுக்கு வந்துவிட்டோம்! எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மகனுக்கு அந்த வாரம் லீவு கிடையாது. அவனை விட்டால் போகிறதற்கு நான்தான். தனியாகக் கடலோரம் போனதில்லை. மாமல்லபுரத்தில் ஒருதரம் கூட்டத்தோடு போய்க் காலை நனைத்துக்கொண்டு வந்ததோடு சரி. ஆனால் டாக்டரம்மா சொன்ன அடுத்த வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டில் சேர்க்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? இரண்டு ஓட்டையும் முந்தானையில் முடிந்து, மீதி ஓடுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பை வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் மதுராந்தகம் பஸ். அங்கேயிருந்து செய்யூர் போய், வேறு பஸ் பிடித்துக் கழி ஓரத்தில் இறங்கினேன். கடல் தண்ணீர் உள்ளே வந்து ஏரி மாதிரி பரந்து நிற்கிற இடத்தைத்தான் அங்கே கழி என்கிறார்கள். எங்கள் ஏரியைப்போலத்தான் இருந்தது. ஆனால் வாசனை வேறு, காற்று வேறு. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, நாற்று நடுகிற மாதிரி குனிந்து குனிந்து எதையோ எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடை ஒவ்வொன்றும் அவரவர் இடுப்பில் கயிற்றால் கட்டி மிதந்தது.

கரையில் என் வயதுக்காரி ஒருத்தி சேலையைப் பிழிந்துகொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் போனேன். முந்தானையை அவிழ்த்து இரண்டு ஓட்டையும் நீட்டினேன்.

அவள் ஓட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீருக்குள் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ, இங்க பாருங்கடி! செத்த ஓட்டக் கொண்டாந்து நமக்கே விக்க வந்துகீறாங்க!"

தண்ணீரில் ஒரே சிரிப்பு. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எப்படியோ சொல்லிவிட்டேன்: "மருமவ முழுவாம கீது. ஒண்ணும் துன்னல. இந்த மட்டிதான் வேணுங்குது. ரெண்டும் ஒண்ணு மாதிரி கீது, எதுன்னு அதுக்கே தெரியல. தாயி இல்லாத பொண்ணு."

சிரிப்பு நின்றது. அவள் என் கையிலிருந்து ஓட்டை வாங்கினாள்.

"எந்த ஊரு யக்கா?"

"உத்திரமேரூர் பக்கம்."

"உத்திரமேரூர்ல இருந்து ரெண்டு ஓட்டுக்காக வந்தியா! சரி, வேற இன்னா வெச்சிகீற? காட்டு."

பையில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு நுனி எல்லாம் இருந்தது. வெளியே எடுத்து வரிசையாக வைத்தேன். இது ஒரு தினுசு, இது ஒரு தினுசு என்று சொல்லிக்கொண்டே போனேன். மகன் ரத்தம் வடிகிற மட்டியை வாங்கிவந்த கதையையும் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு வெள்ளை, மஞ்சள், டீத்தண்ணீர் நிறம், கறுப்பு நுனி நாலையும் ஒன்றாகக் கூட்டித் தள்ளினாள்.

"நாலுன்னு சொல்றியே, இது நாலும் ஒரே வயித்துப் புள்ளைங்க. மணல்ல கெடந்தா வெளுத்துப் பூடும். சேத்துல கெடந்தா கறுத்துப் பூடும். உன் புள்ளைங்கள்லாம் ஒரே நெறமாவா கீது?" பிறகு மருமகள் எடுத்த இரண்டையும் தூக்கிப் பிடித்தாள். "ரெண்டும் ஒண்ணு மாதிரி கீதுன்னியே, இதான் வேற வேற. இது வேற வூடு, அது வேற வூடு."

"எப்படித் தெரியுது?"

"கண்ணால பாக்காத. நெறம் ஏமாத்தும். நகத்தால பாரு."

கட்டைவிரல் நகத்தை டீத்தண்ணீர் நிறத்து ஓட்டின் மேலே இழுத்துக் காட்டினாள். நகம் எண்ணெய் தடவினதுபோல வழுக்கிக்கொண்டு போனது. கதிர்க்கோடு போட்டதன் மேலே இழுத்தாள். கறகறவென்று சத்தம். மெல்லிய மெல்லிய வரி, கண்ணுக்குத் தெரியாத வரி, விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. நானும் இழுத்துப் பார்த்தேன். வழவழ. கறகற. மறுபடியும் இழுத்தேன். வழவழ. கறகற! சத்தியமாகச் சொல்கிறேன், கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு நடுவிலேயே வாழ்ந்தவள் நான், இந்த வரி என் நகத்துக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! நெல்லை நகத்தால் கீறி அரிசி பார்க்கிற கைதான் இது.

"கூத்துக்கு வந்தவ மாதிரி சிரிக்கிறா பாரு" என்றாள் அவள். "வழவழ மட்டி இந்தப் பக்கம் மணல் திட்டுல கெடைக்கும். வரி மட்டி கொஞ்சம் உள்ள, சேறும் மணலும் கலந்த எடத்துல. நீ கூட வரியா, இல்ல கரையில குந்திக்கினு வேர்க்கல்ல உரிக்கிறியா?"

நான் வேர்க்கடலைப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அடியில் சேறு. அந்தச் சேறு எனக்குப் புதுசு இல்லை. நாற்று நட்ட காலுக்கு எல்லாச் சேறும் ஒன்றுதான். ஆனால் கழனியில் காலில் கட்டியாக எது தட்டினாலும் எடுத்து வரப்பில் எறிவோம். இங்கே கட்டியாகத் தட்டுவதுதான் சாமான். பாதத்தை மெல்லத் திருகித் திருகி அடியைத் துழாவு என்றாள். துழாவினேன். ஒன்றும் இல்லை. துழாவினேன். விரலுக்கு நடுவில் ஏதோ உருண்டை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி எடுத்தேன். கல்.

"கல்லுக் கொழம்பு வெக்கப் போறியா யக்கா?" என்று பக்கத்தில் நின்ற இளசு ஒருத்தி கேட்டாள்.

அடுத்த தடவை கிடைத்தது. கையில் எடுத்ததும் அது இறுக்கி வாயை மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. உயிரோடு இருக்கிற கிளிஞ்சல்! கனமாக இருந்தது. காளவாயில் கிடக்கிற பாதி ஓடு இல்லை, இரண்டு பாதியும் சேர்ந்த முழுசு. நகத்தை இழுத்தேன். வழவழ. "வழவழ!" என்று கத்தியேவிட்டேன். நான் அவ்வளவு சத்தம் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ தெரியாது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே போய் வரி மட்டி பொறுக்கினோம். எடுத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் பிரித்தேன். முதலில் தப்பு வந்தது, பிறகு வரவில்லை. திரும்பும்போது ஆழமில்லாத மணலில் அவள் என்னை நிறுத்தினாள். சாவித் துவாரம் மாதிரி ஒரு சின்னத் துளையைக் காட்டினாள். கூடையில் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அதில் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று மணலைக் கிழித்துக்கொண்டு கத்திப்பிடி மட்டி விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது! நான் "அம்மாடி!" என்று பின்னால் சாய்ந்தேன்.

"கத்தாத, உள்ள பூந்துக்கும்!" என்று அதைப் பிடித்து இழுத்தாள். "இதுவும் துன்றதுதான். அலை அடிக்கிற எடத்துல சின்னது ஒண்ணு கீது, கலர் கலரா. அது ரசத்துக்கு. உன் புள்ள வாங்கியாந்தான் பாரு ரத்தம் வர்றது, அதுவும் துன்றதுதான், சில பேருக்கு அதுதான் உசுரு. அவன திட்டாத."

கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே எனக்கு இரண்டு ஈரச் சாக்கில் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தாள். "கலந்துடாத. வெயில்ல வெக்காத. வூட்டுக்குப் போயி தண்ணில போடு, வயித்துல கீற மண்ணெல்லாம் கக்கிடும். அப்பறம் ஆக்கு. வாயப் பொளந்துக்கினு கெடக்கறத தட்டிப் பாரு. மூடலன்னா செத்துப் போனது, தூக்கிப் போட்டுடு." வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். மழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் கழிக்குள் வந்து நிறைந்துவிட்டால் மட்டியெல்லாம் கொத்துக் கொத்தாகச் செத்துப்போய்விடும், அப்போது வீட்டில் அடுப்பு எரிய வேறு வேலைக்குப் போவோம் என்றாள். நான் பஸ்ஸை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவு சேற்று வாசனை. வந்த கையோடு கிணற்றில் நல்ல தண்ணீர் சேந்தி, இரண்டு அண்டாவில் ஊற்றி, வழவழ ஒன்றில், வரி ஒன்றில் என்று போட்டேன். ஏரி வற்றும்போது பிடிக்கிற விரால் மீனை நாங்கள் அப்படித்தான் வைப்போம். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் வயிற்றுச் சேற்றை விட்டுவிட்டுச் சுத்தமாகி நிற்கும். மீனுக்கு நல்லது மட்டிக்கும் நல்லதுதானே?

மருமகள் கட்டிலை விட்டு எழுந்து வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். மண்ணைக் கக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் கக்கவில்லை. எல்லாம் பல்லைக் கடித்த மாதிரி இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தன. வெயில் முற்றத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டு மெல்ல வாயைப் பிளந்தன. தட்டினேன். மூடவில்லை.

இவ்வளவு தூரம் போய் எடுத்துவந்தது, அவள் ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது, என் கண் முன்னாலேயே சாகிறதா?

"தண்ணி புடிக்கலியா அத்த?" என்றாள் அவள்.

அப்போதுதான் கழிக்காரி சொன்னது காதில் விழுந்தது. ஆற்று வெள்ளம் வந்தால் செத்துப்போகும். வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும் என்று அவள் சொல்லவில்லை; செத்துப்போகும் என்றாள். ஆற்று வெள்ளம் உப்பில்லாத நல்ல தண்ணீர்! தண்ணியில் போடு என்று அவள் சொன்னது அவள் வீட்டுத் தண்ணீரை. அவர்களுக்குத் தண்ணீர் என்றால் கழிதான். எனக்குத் தண்ணீர் என்றால் கிணறு.

எழுந்து ஓடினேன். இரண்டு அண்டாவையும் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். கல்லுப்புப் பானையைத் தூக்கி வந்தேன். புதுத் தண்ணீரில் ஒரு கை உப்பு போட்டுக் கலக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். போதாது. காலையில் முங்கும்போது மூக்கிலும் வாயிலும் போன தண்ணீர் நாக்கில் இன்னும் இருந்தது. இன்னும் ஒரு கை. போதாது. இன்னும் ஒரு கை. வாய் கோணியது. இதுதான்! இரண்டு அண்டாவிலும் அதை ஊற்றி, மட்டியைப் பழையபடி தனித்தனியாகப் போட்டு மேலே சாக்கால் மூடினேன்.

மகன் அப்போது வேலை முடிந்து வந்தான். "எம்மா, இன்னா இது, வூடே குப்பம் மாதிரி நாறுது" என்று சாக்கைத் தூக்கி அண்டாவுக்குள் குனிந்தான். சர்ரென்று ஒரு பீய்ச்சல், நேராக அவன் மூஞ்சியில்.

"எம்மா, துப்புது எம்மா!"

எட்டிப் பார்த்தோம். எல்லா ஓடும் ஒரு நூல் அளவு திறந்திருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் வெளுப்பாகக் குழாய் மாதிரி இரண்டு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டு இருந்தது. அண்டா அடியில் கறுப்பு மண் படிந்துகொண்டிருந்தது. வரி மட்டி அண்டாவிலிருந்து இன்னொன்று பீய்ச்சியது. என் மருமகள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு நின்ற என் மகன் அவள் சிரிக்கிறதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

செத்ததைப் பொறுக்கி எறிந்தேன். கொஞ்சம்தான் போயிருந்தது. மண் அடங்கிய பிறகு இரண்டு சட்டி வைத்தேன். தாளிக்கவில்லை, எண்ணெய் வாசனை வந்தாலே அவளுக்குக் குமட்டும். "அம்மா மட்டி வெந்த தண்ணிய கீழ ஊத்த மாட்டாங்க, மொளகு போடுவாங்க" என்று மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகக் கழுவிய மட்டியைத் தண்ணீரே ஊற்றாமல் சட்டியில் போட்டு மூடினேன். அதுவே தன் தண்ணீரை விட்டுக்கொண்டு வெந்தது. டப் டப்பென்று ஓடு திறக்கிற சத்தம் மூடிக்குள் கேட்டது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, நன்றாக வேகவிட்டு இறக்கினேன்.

வரி மட்டியை முதலில் கொடுத்தேன். ஒன்றை ஓட்டிலிருந்து பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். நானும் மகனும் அவள் தொண்டையையே பார்த்தோம்.

"நல்லாத்தான் கீது" என்றாள். பிறகு தலையை ஆட்டினாள். "ஆனா இது இல்ல அத்த." தட்டைத் தள்ளிவிட்டாள்.

அடுத்த சட்டியைத் திறந்து வழவழ மட்டியை வைத்தேன். எடுத்தாள். மோந்தாள். வாயில் போட்டாள். மெல்லவில்லை, அப்படியே நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, இதுவும் இல்லையோ என்று.

"இதான்" என்றாள்.

அப்புறம் எடுத்தாள், தின்றாள், எடுத்தாள், தின்றாள். காலி ஓட்டால் சட்டியிலிருந்த தண்ணீரை மொண்டு குடித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவள் கை தானாக அந்த ஓட்டைக் கரண்டியாகப் பிடித்தது. "சோறு கீதா?" என்று கேட்டாள். சோறு! மகன் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் குண்டானையே தூக்கி வந்தான். மட்டித் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் சுவரில் சாய்ந்தாள். இனிமேல்தான் விஷயம். நான் சட்டியைக் கழுவுகிற மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மகன் வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் சொம்புத் தண்ணீரோடு நின்றான். அவள் ஒருதரம் நெஞ்சில் கையை வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் வந்தோம்.

பெரிய ஏப்பமாக விட்டாள்.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் போலீஸ் மாதிரி நிக்கறீங்க?" என்றாள். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். வாந்தி வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு இனி எடை பார்க்கத்தான் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பசி தெரிந்தது. காலையிலிருந்து நான் தின்றது கழிக்காரி உரித்துக் கொடுத்த வேர்க்கடலை மட்டும். அவள் வேண்டாம் என்று தள்ளிய வரி மட்டிச் சட்டி அப்படியே இருந்தது. மகனும் நானும் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒன்றை எடுத்துத் தயங்கித் தயங்கி வாயில் போட்டேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பு, கடித்தால் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு பிறகு விட்டுக்கொடுத்தது. இன்னொன்று போட்டேன்.

"எப்படிம்மா கீது?" என்றான் மகன்.

"உன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியல. இதான் நல்லா கீது" என்றேன்.

சட்டி காலியாகும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.